கரும்புகை விட்டால்தான் வண்டியாம்

என் வண்டியைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காமயகவுண்டன்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர், டீ ஆற்றுகிறவர், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று யாராக இருந்தாலும், என்ன செய்தால் அதற்கு இழுவை கூடும் என்று சொல்லிவிடுவார்கள். நாம் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒருவர் சத்தமாக ஒன்றைச் சொன்னால் அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். தெரியாது என்று தெரிந்தாலும் எதிர்த்துச் சொல்ல வாய் வராது. சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டி ஓட்டும்போது தனியாகச் சொல்லிக்கொள்வேன்.

அது டீசல் பிக்கப். இன்னொருவர் ஓட்டி விற்றதைத்தான் வாங்கினேன். நான் சொல்லப்போவது இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது. அப்போது என் பிழைப்பு முழுக்க ஒரே ஓட்டத்தில் இருந்தது. காலையில் தோட்டத்தில் பன்னீர் திராட்சை வெட்டுவார்கள். மதியத்துக்குள் பெட்டி கட்டி என் வண்டியில் ஏற்றுவார்கள். கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளியில் ஒரு ஷெட்டில் இறக்க வேண்டும். அங்கிருந்து சாயங்காலம் பெரிய லாரி கேரளத்துக்குள் கிளம்பும். அந்த லாரியைப் பிடித்தால்தான் சரக்கு சரக்கு. பன்னீர் திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு ராத்திரி பெட்டியில் கிடந்தால் மறுநாள் காம்பு தனி, பழம் தனி.

அந்த வருடம் வண்டி மலையில் திணற ஆரம்பித்தது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்டது. இரண்டாவதில் ஏறிய வளைவில் முதல் கியர் போட்டு, நானும் சீட்டில் முன்னால் சாய்ந்து தள்ளிக்கொடுக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். முதலில் லாரி கிளம்புகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. பிறகு ஒருநாள் கிளம்பிவிட்ட லாரியைக் கை தட்டி நிறுத்தி ஏற்ற வேண்டியதாயிற்று.

எனக்கு லோடு கொடுக்கிற தரகர் வாய்க்குப் பூட்டு போடாத மனிதர். ஷெட் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது கேட்டார்.

"ஏப்பா, ஒன் வண்டி மலை ஏறுதா, இல்ல மலை எறங்கி வரட்டும்னு கீழயே காத்துக் கெடக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

"சிரிக்காத. லாரிய விட்டீன்னா லோடு ஓடைப்பட்டிக்காரன் வண்டிக்குப் போயிரும். அவன் வண்டியப் பாத்தியா, என்னமா பொகைய விட்டுக்கிட்டு ஏறுது."

எங்கள் பக்கத்தில் வண்டியின் பலத்தைப் புகையை வைத்துத்தான் அளப்பார்கள். பின்னால் வருகிறவன் கண் தெரியாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் அது இழுவை உள்ள வண்டி. புகை விடாத வண்டியைப் பார்த்தால், "பாவம், சீக்கு வண்டி" என்பார்கள்.

தரகர் சொன்னதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், அன்றைக்கு வீட்டில் இருந்தார். கம்பம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. அந்தக் காலத்துப் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சினை மூடிய பெட்டி இருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் அதன் மேல்தான் உட்கார்ந்து வருவார். அதனால் உலகத்தில் உள்ள எல்லா இஞ்சினும் தனக்குக் கீழே என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"இஞ்சின் மேல உக்காந்து உக்காந்தே என் இடுப்பு வெந்து போச்சு மாப்ள. எனக்கா தெரியாது? ஒன் வண்டிக்கு டீசல் பத்தல. பம்ப்புல ஏத்தி வைக்கணும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். வார விடுமுறை தவறாமல் வந்து என் வண்டியைக் கழுவிக் கொடுப்பார். நான் கேட்டதே இல்லை. தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கொடிக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரைப் போட்டு, அந்த ஹோஸால் டயர், அடிப்பக்கம், பானெட்டைத் திறந்து உள்பக்கம் என்று பீய்ச்சி அடிப்பார். ஒரு பொருளையும் விடமாட்டார். கையால் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி அடித்து, வெயிலில் காயவைத்து மாட்டுவார். "கம்பெனியில கூட இப்படிக் கழுவ மாட்டாக" என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் துணியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

தேனியில் டீசல் பம்ப் கடைக்கு அவரே கூட்டிப்போனார். பம்ப் என்பது இஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்து அனுப்புகிற சாமான். கம்பெனி ஓர் அளவு வைத்து ஈயத்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பான். அந்த முத்திரையை உடைத்து ஒரு திருகாணியைத் திருகினால் அளவு கூடும். கடைக்காரர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்புட்டு ஏத்த?" என்று என்னைக் கேட்டார்.

கூட்டினால் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் மனதுக்குள் அந்த ஒரு வாக்கியத்தைச் சரி பண்ணிக்கொண்டே போயிருந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது.

"மலையேறுற வண்டி. தாராளமா ஏத்துங்க" என்றார் மச்சான்.

"அவுக சொல்ற மாதிரியே வைங்க" என்றேன் நான்.

திரும்பி வரும்போது வீரபாண்டியில் நிறுத்தச் சொன்னார். கௌமாரியம்மன் கோயில் முன்னால் வண்டிக்குச் சூடம் காட்ட வேண்டுமாம். இஞ்சினை அணைக்கக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்டினால்தான் இஞ்சினுக்குச் சேரும் என்று ஒரு புது சாஸ்திரம் வேறு. "ஆக்ஸிலேட்டர ஒரு அமுக்கு அமுக்கு மாப்ள, ஆத்தா பாக்கட்டும்" என்றார். அமுக்கினேன். சூடமும் தெரியவில்லை, மச்சானும் தெரியவில்லை. பின்னால் பூ விற்கிற அம்மா எழுந்துவிட்டார்.

"ஏலே, அணைச்சுட்டுக் கும்புடுங்கடா. பூவெல்லாம் கரியாப் போச்சு. இங்கன நான் யாவாரம் பண்றதா வேணாமா?"

"நல்ல சகுனம்" என்றார் மச்சான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மறுநாள் மலையில் வண்டி இழுத்தது. எனக்குச் சந்தோஷம்தான். லாரி கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே ஷெட்டில் நின்றேன். தரகரே வந்து முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷம் பெட்டி இறக்குகிறவரைதான். கடைசி வரிசைப் பெட்டியைத் திறந்த ஷெட் ஆள் ஒரு குலையைத் தூக்கி, தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எந்தா சேட்டா இது, கரியா?"

பன்னீர் திராட்சைக்கு மேலே மெல்லிய சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்கும். அது கலையாமல் இருந்தால்தான் பழம் புதுசு என்று வாங்குவார்கள். மெதுவாக ஏறுகிற வண்டியின் பின்னால் சுருண்டு எழுந்த புகை முழுக்க அந்தப் படலத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

தரகர் ஒரு பழத்தை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பன்னீரு கருப்புதான்ப்பா. அதுக்காகத் தொட்டா கையில ஒட்டுற கருப்பா?"

மச்சானிடம் சொன்னேன். தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். மூடினால் பழம் புழுங்கியது. இதற்கிடையில் இஞ்சின் வேறு சூடாக ஆரம்பித்தது. மலை உச்சிக்குப் போவதற்குள் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார். இஞ்சினுக்குள் தண்ணீர் போகிற வழியில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். இஞ்சினின் சூட்டைப் பார்த்துத் திறந்து மூடும். "தண்ணி போற பாதையில எதுக்கு மாப்ள ஒரு கதவு? கம்பெனிக்காரனுக்கு அறிவு வேணாம்?" என்று அதைப் பிடுங்கிவிட்டார். டீக்கடையில் ஒருவர், ரேடியேட்டர் முன்னால் நனைத்த சாக்கைக் கட்டச் சொன்னார். கட்டினேன். ரேடியேட்டருக்கு வருகிற காற்றும் நின்றது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய மற்றொன்று. சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டுக் கழுத்து வரை மாற்றிக்கொண்டே போகிற கதை.

என் மனைவி அதே தோட்டத்தில்தான் பெட்டி கட்டுகிறாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் சொன்னாள்.

"ஒடம்பு முடியாதவருக்கு ஊரே வைத்தியம் பாத்தா என்னாகும்?"

"என்னாகும்?"

"ஊரு நல்லாருக்கும்."

"ஒங்க அண்ணன்ட்ட நீயே சொல்லேன்."

"வண்டி யாருது? நீங்கதான் சொல்லணும். அண்ணே ஒண்ணும் கடிச்சிராது."

நான் சொல்லவில்லை. அதற்குள் அந்த வாரமே வண்டி நின்றது. மலையில் பாதிக்கு மேல் ஏறியிருப்பேன். பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பி, முன் கண்ணாடி மறைந்துவிட்டது. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். ஆறுகிறவரைக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியாது. நின்ற வண்டியைப் பார்த்துக் குரங்குகள் வந்துவிட்டன. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி ஒரு பெரிய குரங்கு குலையை இழுத்தது. ஒரு பழத்தைப் பிய்த்து முகர்ந்து பார்த்தது. பிறகு தன் தொடையில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தின்றது. எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்லெறிந்து விரட்டி, தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது ஷெட் வாசலில் லாரி நின்ற இடம் காலியாக இருந்தது.

தரகர் அன்றைக்குக் கேலி பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளை விட்டு மறுநா ஒரு லோடு இருக்குப்பா. அதையும் விட்டீன்னா என்னைக் கொற சொல்லாத. எனக்கும் மேல கேக்க ஆளு இருக்காக."

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் கம்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எனக்கு மூத்தவர். காலையிலேயே சிடுசிடுப்பாக இருந்தார். பானெட்டைத் திறந்தவர் நிமிராமலே கேட்டார்.

"பம்ப்பு முத்திரைய ஒடச்சது யாரு?"

நான் முன்விளக்கைத் துடைத்தேன்.

"தெர்மோஸ்டாட்டப் புடுங்குனது யாரு?"

அடுத்த விளக்கையும் துடைத்தேன்.

"முன்னால சாக்கு எதுக்கு? வண்டிக்குக் குளுருதா? இதுல நீ எதையாச்சும் செஞ்சியா?"

"ஓட்டுனேண்ணே."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஏர் ஃபில்டர் டப்பாவின் மேலே இருந்த சிறகு நட்டைக் கையால் திருகி மூடியைத் தூக்கினார். அந்த நட்டுக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி இருக்கும், ஸ்பேனரே வேண்டாம். உள்ளே இஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுகிற, மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த ஃபில்டர். அதை எடுத்துத் தரையில் தட்டினார். தூசி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. செங்கல்லைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது.

"இது என்னது? ஃபில்டரா, சொவத்துக் காரையா?"

நீலமும் வெள்ளையுமாக மடிப்பெல்லாம் இறுகிக் கிடந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் திராட்சை இலையில், கல்தூணில், மருந்து அடிக்கிறவர் கைலியில் எல்லாம் இருக்கிற நிறம் அது. கொடிக்குப் பூஞ்சை வராமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். ஸ்பிரேயர் ஹோஸில் அந்தக் கரைசல் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். மச்சான் வாரம் தவறாமல் ஃபில்டரைக் கழற்றி, அந்த ஹோஸால் அடித்து, வெயிலில் காயவைத்து மாட்டியிருக்கிறார். தண்ணீரே படக் கூடாத காகிதத்துக்கு வாரம் ஒரு பூச்சு சுண்ணாம்பு.

மெக்கானிக்கிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மூக்கப் பொத்தி வச்சிக்கிட்டு, மூச்சு வாங்குதேன்னு வாயில சோத்த அள்ளித் திணிச்சிருக்கீக. காத்து இல்லாம டீசல் எங்கன எரியும்? எரியாததுதான் பொகை. அதத்தான் ஒங்க ஊர்ல இழுவைன்னு சொல்றீக."

"மொதல்ல நல்லா இழுத்துச்சேண்ணே."

"கொஞ்சம் இழுக்கும். அந்தச் சூட்டுல இஞ்சினே ஒருநா உக்காந்துரும். ஒனக்கு இழுவையும் வேணும், வண்டியும் நிக்கக் கூடாது, அம்புட்டுத்தான? மொதல்ல காத்தச் சரி பண்ணு. அதுக்கு ஏத்த டீசல வை. சூட்ட வண்டியே பாத்துக்கிரும்."

புது ஃபில்டர் போட்டார். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினார். ரேடியேட்டர் மடிப்புகளில் அடைந்திருந்த மண்ணை எடுத்தார். வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்தார். பின்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்ததாம். அதையும் விடுவித்தார். பம்ப்பையும், டீசலை இஞ்சினுக்குள் பீய்ச்சுகிற நாசிலையும் கழற்றி என் கையில் கொடுத்து, தேனிக்குப் போய் அளவு வைத்து வரச் சொன்னார். பம்ப்பைப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, எதிரே மச்சானின் பஸ் வருகிறதா என்று பயந்துகொண்டே போனேன். என் வண்டிச் சாமானை நானே திருடிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

பம்ப் கடைக்காரர் அதே திருப்புளியோடு, "இன்னும் ஏத்தவா?" என்றார்.

"எறக்கணும்" என்றேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "எறக்கணும்ண்ணே. கம்பெனி அளவுக்கு மேல ஒரு பொட்டு மட்டும். ஆக்ஸிலேட்டர அமுக்குனா பொகை மெலிசாத் தெரிஞ்சு மறையணும்னு மெக்கானிக் சொன்னாக."

"எறக்கச் சொல்லி இங்கன ஆரும் வந்ததில்ல" என்றார். ஆனாலும் பம்ப்பைச் சோதிக்கிற மேடையில் மாட்டி, கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறுவதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையாக வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் லோடு. தோட்டத்துக்கே வந்திருந்த தரகர் வண்டியின் பின்னால் போய் நின்று குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, பொகையே காணோம். ஓடுதா, அணைஞ்சிருச்சா?"

"ஓடுதுண்ணே."

"நம்பிக்கை இல்லப்பா. நானும் வாரேன்" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

லோயர் கேம்ப் தாண்டி மலை தொடங்கியது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இஞ்சினைத் திணற விடாமல் ஒரே சீராக ஏற்றினேன். முள் நடுவிலேயே நின்றது. பாதி மலையில் ஓடைப்பட்டி வண்டி ஹார்ன் அடித்து, எங்களைக் கரும்புகையில் முக்கிவிட்டு முன்னால் போனது. தரகர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்தியா, அதான் வண்டி" என்றார். அந்த வண்டி எங்கேயும் நிற்கவில்லை, எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்களுக்குத் தேவை லாரி. நாங்கள் போனபோது லாரியில் பாதிச் சரக்குகூட ஏறியிருக்கவில்லை.

தரகர் கடைசி வரிசைப் பெட்டியைத் தானே திறந்தார். ஒரு பழத்தைக் கிள்ளி, தன் வெள்ளை வேட்டியில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"பொகை இல்லாம எப்படிப்பா ஏறுச்சு?" என்று வெகுநேரம் சந்தேகமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். லோடு என்னிடமே இருந்தது.

மச்சான் டீக்கடையில் சொன்னாராம், "பம்ப்ப ஏத்துனதே நாந்தான், அது செட்டாக நாலு நாளு ஆகும்" என்று. அதையும் சகித்துக்கொண்டேன். ஆனால் அடுத்த வார விடுமுறை வந்தது. அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். ஃபில்டர் டப்பாவின் சிறகு நட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் இல்லாமல் அசையாத சாதா நட்டைப் போட்டு இறுக்கி, ஸ்பேனரை என் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை அந்த நட்டு சொல்லட்டும் என்று.

மச்சான் பானெட்டைத் திறந்தார். விரலால் திருகிப் பார்த்தார்.

"மாப்ள, நட்டு எறுகிக் கெடக்கே. ஸ்பேனர் எங்க?"

"இங்கனதான் கெடந்துச்சு மச்சான். காணோம்."

"விடு" என்று டிரவுசர் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தார். டெப்போவிலிருந்து கொண்டுவந்தாராம், என் வண்டிக்குப் பயன்படும் என்று.

ஸ்பேனர் நட்டில் சரியாகப் பொருந்தியது. ஸ்பிரேயர் ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ் தரையில் கிடந்து நீலத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. என் மனைவி பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அதத் தொடாதீக மச்சான்."

சத்தம் எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. அவர் கை அப்படியே நின்றது.

"ஏன் மாப்ள?"

"அதுல தண்ணி படக் கூடாது. அது மட்டும் வேணாம்."

அவர் ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். அவள் குனிந்து பெட்டிக்குள் காகிதம் விரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சரி. டயரக் கழுவலாம்ல?"

"டயரக் கழுவுங்க."

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு, ஹோஸை எடுத்து நான்கு டயரையும் வழக்கத்தைவிட நன்றாகக் கழுவினார். காய்ந்ததும் டயரெல்லாம் வெளிர் நீலமாக இருந்தது. அந்த டயரோடுதான் அன்றைக்கு மலையேறினேன்.